பழைய ரயில் தடத்தில் சைக்கிள் பயணமா?

நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியில் 1990-ல் ரயில் ஓட்டம் நின்ற தடம், 2000-ல் சைக்கிள் பாதையாக முழுமையாகத் திறக்கப்பட்டது. கிளைடு முதல் மிடில்மார்ச் வரை 152 கி.மீ. கார், லாரித் தொல்லை கிடையாது. சாலையைக் கடக்கும் இடங்களில் மட்டும் கவனம் தேவை. ரயிலுக்காகப் போட்ட தடம் என்பதால் செங்குத்தான ஏற்றமே இல்லை. புதியவர்களும் தைரியமாகக் கிளம்பலாம்.

பாதை முழுக்கச் சரளை. மெல்லிய டயர் வழுக்கும், அகலமான டயரே சரி.

டார்ச் கட்டாயம். பூல்பர்ன் பள்ளத்தாக்கின் இரண்டு சுரங்கங்களிலும் விளக்கு கிடையாது. உள்ளே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, எதிரே வருபவருக்கு வழிவிட்டு நடப்பதே நல்லது.

நிழல் குறைவு. தொப்பி, சன்ஸ்கிரீன், தாராளமாகத் தண்ணீர் வேண்டும். வெயிலடித்தாலும் மழைக்கோட்டை விட்டுவிடாதீர்கள். நாலைந்து நாளாகப் பிரித்து ஓட்டினால் வழியிலுள்ள சிற்றூர்களையும் ரசிக்கலாம்.

இருபுறமும் ஆட்டுப் பண்ணைகள். மூடியிருந்த கேட்டைத் திறந்தால், மறக்காமல் மூடிவிட்டுப் போங்கள்.