முந்தானையில் மாத்திரை

மல்லிகாவுக்கு வயது 26. கல்யாணம் ஆகி ஐந்து வருடம் ஆகிறது.

மல்லிகாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு நோய் உண்டு. தினமும் மாத்திரை சாப்பிடுகிறாள். காலையில் ஒன்று. இரவில் ஒன்று. ஆறு வருடமாக வலிப்பு வரவே இல்லை.

“இதை யாரிடமும் சொல்லாதே” என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால் கணவனுக்குத் தெரியாது. மாமியாருக்கும் தெரியாது. மாத்திரை அரிசிப் பானைக்குள் இருக்கும். யாரும் பார்க்காதபோது எடுத்து விழுங்குவாள்.

ஒரு திங்கட்கிழமை மாலை மல்லிகாவுக்குக் கடுமையான வயிற்று வலி வந்தது. மாவட்ட மருத்துவமனையில் சேர்த்தார்கள். குடல்வால் வீங்கியிருந்தது. மறுநாள் காலையில் ஆபரேஷன் என்றார்கள்.

நர்ஸ் விவரம் கேட்டு எழுதினார்.

“வேறு நோய் ஏதாவது உண்டா? தினமும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா?”

பக்கத்தில் மாமியார் நின்றிருந்தார். “இல்லை” என்றாள் மல்லிகா. மாத்திரை அட்டை அவள் முந்தானையில் முடிந்திருந்தது.

“இனித் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது” என்றார் நர்ஸ். அன்று இரவு மல்லிகா மாத்திரை சாப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை காலையும் சாப்பிடவில்லை. ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அன்று இரவு மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மாத்திரையை எப்படி எடுப்பது? மூன்று வேளை மருந்து தப்பிவிட்டது.

புதன்கிழமை விடியற்காலையில் மல்லிகாவுக்கு வலிப்பு வந்தது. கை, கால் வெட்டி இழுத்தன. வாயில் நுரை தள்ளியது. மாமியார் பதறிப்போனார். கையில் வைக்கச் சாவிக்கொத்தை எடுத்தார்.

“வேண்டாம் அம்மா. இரும்பால் வலிப்பு நிற்காது” என்றார் நர்ஸ். மல்லிகா கட்டிலிலிருந்து விழாமல் பார்த்துக்கொண்டார். மெதுவாக ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தார். டாக்டரைக் கூப்பிட்டார். இரண்டு நிமிடத்தில் வலிப்பு நின்றது.

மல்லிகாவுக்கு நினைவு தெளிந்தது. டாக்டர் மெதுவாகக் கேட்டார். மல்லிகா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டர் சொன்னார்: “வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வலிப்பு திரும்ப வரும். சில சமயம் நிற்காமல் வரும். அது உயிருக்கே ஆபத்து.”

“தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்றார்களே டாக்டர்?” என்று கேட்டாள் மல்லிகா.

“சாப்பாட்டுக்குத்தான் தடை. வலிப்பு மாத்திரையை ஒரு வாய் தண்ணீரோடு விழுங்கச் சொல்லியிருப்போம். விழுங்க முடியாவிட்டால் ஊசி போட்டிருப்போம். எல்லா மாத்திரைக்கும் ஊசி கிடையாது. அப்போது வேறு வழி பார்ப்போம். ஆனால் நீங்கள் சொன்னால்தானே எங்களுக்குத் தெரியும்?”

மல்லிகாவின் மருந்துக்கு ஊசி இருந்தது. உடனே போட்டார்கள்.

மாமியார் வெகுநேரம் பேசவில்லை. மல்லிகாவுக்குப் பயமாக இருந்தது.

“அத்தை, என் மேல் கோபமா?”

“என் தம்பிக்கும் இந்த நோய் இருந்தது. வெளியே தெரிந்தால் கேவலம் என்று வீட்டிலேயே வைத்திருந்தோம். கயிறு மந்திரித்துக் கட்டினோம். மருந்து கொடுக்கவில்லை. ஒரு நாள் கிணற்றடியில் வலிப்பு வந்து உள்ளே விழுந்துவிட்டான். அப்போது அவனுக்கு வயது 19. உன் நோயை நீ மறைத்தாய். அவன் நோயை நாங்கள் மறைத்தோம். இனி மறைக்க வேண்டாம் கண்ணு. உன் புருஷனிடம் நானே பேசுகிறேன்.”

மாமியார் அறிவொளி மையத்தில் படித்தவர். பையிலிருந்து நோட்டை எடுத்தார். நர்ஸ் சொல்லச் சொல்ல எழுதினார்:

மருந்து: லெவெடிரசெட்டம்
அளவு: 500 மில்லிகிராம்
நேரம்: காலை 8 மணி, இரவு 8 மணி

அரிசிப் பானைக்குள் இருந்த மாத்திரை, இப்போது அலமாரியில் இருக்கிறது.

தெரிந்துகொள்வோம்

வலிப்பு மூளையில் வரும் நோய். அது பேய் பிடிப்பது அல்ல. தொற்று நோயும் அல்ல. முறையாக மருந்து சாப்பிட்டால், 10 பேரில் 7 பேர் வரை வலிப்பு இல்லாமல் வாழலாம்.

முன்பு வலிப்பு நோயைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாது என்று கேட்கச் சட்டத்தில் இடம் இருந்தது. 1999-ஆம் ஆண்டில் இந்து திருமணச் சட்டத்திலிருந்தும் சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் அது நீக்கப்பட்டது.

மருத்துவமனையில் சேரும்போது

1. எந்த நோய்க்குச் சேர்ந்தாலும், வலிப்பு நோய் உண்டு என்று முதலில் சொல்லுங்கள்.

2. மாத்திரை அட்டையையும் பழைய சீட்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். கடைசியாக எந்த வேளை சாப்பிட்டீர்கள் என்றும் சொல்லுங்கள்.

3. மருந்து நேரம் வந்தும் மாத்திரை வரவில்லையா? நர்ஸிடம் கேளுங்கள். கேட்பது தப்பு இல்லை.

4. வார்டில் கொடுப்பதையும் வீட்டு மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிடாதீர்கள். மருந்து இரட்டிப்பு ஆகிவிடும்.

5. மாத்திரை சாப்பிட்டவுடன் வாந்தி வந்தால் உடனே சொல்லுங்கள்.

6. சில மருந்துகள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாது. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநியாசிட், ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்தை உடம்பில் அதிகமாகத் தேங்க வைக்கும். தள்ளாட்டமும் தூக்கமும் வரும். டிரமடால் என்ற வலி மருந்து வலிப்பைத் தூண்டலாம். அதனால் புது மருந்து கொடுக்கும்போது வலிப்பு நோயை நினைவுபடுத்துங்கள்.

7. கர்ப்பமான பெண்கள் தாங்களாக மருந்தை நிறுத்தக் கூடாது. டாக்டரைக் கேட்க வேண்டும். வால்ப்ரோயேட் என்ற மருந்து வயிற்றில் உள்ள குழந்தையைப் பாதிக்கும். குழந்தை பெற நினைக்கும்போதே டாக்டரிடம் பேசினால் நல்லது.

8. வீட்டுக்குப் போகும் நாளில் சீட்டைப் பாருங்கள். வலிப்பு மருந்து அதில் எழுதியிருக்க வேண்டும். மாத்திரை கையில் இருக்க வேண்டும்.

வலிப்பு வந்தால்

ஒரு பக்கமாகப் படுக்க வையுங்கள். இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். கை, காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். மணியைப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பேசுவோம், எழுதுவோம்

1. மல்லிகாவுக்கு மருத்துவமனையில் ஏன் வலிப்பு வந்தது?
2. நர்ஸ் கேட்டபோது அவள் ஏன் “இல்லை” என்றாள்?
3. உங்கள் வீட்டில் தினமும் மருந்து சாப்பிடுகிறவர் யார்? அந்த மருந்தின் பெயர், அளவு, நேரம் ஆகியவற்றை உங்கள் நோட்டில் எழுதுங்கள்.