முதல் பேஸைத் திருட முடியாது

அன்புள்ள நண்பருக்கு,

'மணிபால்' படம் பார்த்த சூட்டோடு எழுதியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. ஓங்கி அடிப்பவனைவிட, அவுட் ஆகாமல் பேஸுக்குப் போய்ச் சேர்பவன் அணிக்கு உபயோகம் என்பதை ஓக்லாண்ட் அணி 2002-லேயே காட்டிவிட்டது. அப்புறமும் அமெரிக்க ரசிகர்கள் ஒவ்வொரு குளிர்காலமும் இதே விஷயத்துக்காக ஏன் மல்லுக்கட்டுகிறார்கள் என்பது உங்கள் கேள்வி.

படத்தைப் பற்றி முதலில் ஒரு முணுமுணுப்பு. அந்த வருடம் ஓக்லாண்ட் 103 ஆட்டங்களில் ஜெயித்ததற்கு, படத்தில் வரும் ஸ்காட் ஹேட்டபெர்க்கின் பொறுமை மட்டும் காரணம் இல்லை. டிம் ஹட்சன், மார்க் மல்டர், பேரி ஜிட்டோ என்று மூன்று முதல்தரப் பிட்சர்கள் அங்கே இருந்தார்கள். சிறந்த பிட்சருக்கான அந்த ஆண்டின் சை யங் விருது ஜிட்டோவுக்குப் போனது. சிறந்த ஆட்டக்காரர் விருது மிகெல் டெஹாடாவுக்கு. இவர்களையெல்லாம் ஓரமாக உட்காரவைத்துவிட்டுத்தான் படம் தன் கதையைச் சொல்கிறது. சினிமாவுக்கு அது சரி. உங்கள் கேள்விக்குப் பதில் தேட நான் ஓக்லாண்டை விட்டுவிட்டு ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டிக்குப் போகிறேன். 2012 முதல் 2014 வரை மூன்று சீசன்கள், நடுவே இரண்டு குளிர்காலங்கள். இந்தச் சண்டை அதன் முழு உருவத்தில் நடந்த ஊர் அது.

அதற்கு முன் கொஞ்சம் கணக்கு. பிட்சர் வீசும் பந்து உரிய எல்லைக்குள் வராமல் நான்கு முறை விலகிப் போனால், பேட்டர் மட்டையைக் கீழே வைத்துவிட்டு முதல் பேஸுக்கு நடந்து போகலாம். இதற்கு வாக் என்று பெயர். நமக்குத் தெரிந்த ஆட்டத்தில் வைடு போட்டால் அந்த ரன் உதிரியாகத்தான் சேரும், மட்டையாளர் கணக்கில் ஏறாது. பேஸ்பாலிலும் அப்படித்தான் நினைத்தார்கள். அந்த ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுதும் முறையை வகுத்த ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்தவர். நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதியவர். அவர் பார்வையில் வாக் என்பது பிட்சரின் பிழை, அதில் பேட்டருக்குப் பெருமை ஒன்றும் இல்லை. அதனால் பேட்டிங் சராசரியில் வாக் வரவும் இல்லை, செலவும் இல்லை. 1887-இல் மட்டும் வாக்கையும் ஹிட்டாக எண்ணிப் பார்த்தார்கள். சராசரிகள் தாறுமாறாக ஏறின. மறு வருடமே கைவிட்டார்கள். பேஸைப் போய்ச் சேர்ந்த விகிதம், அதாவது ஆன்-பேஸ் விகிதம், அதிகாரபூர்வமான கணக்காக ஆனது 1984-இல்தான்.

சாட்விக் தவறவிட்டது ஒன்று. கிரிக்கெட்டில் விக்கெட்டுக்கும் வரம்பு உண்டு, ஒருநாள் ஆட்டமென்றால் பந்துக்கும் வரம்பு உண்டு. பேஸ்பாலில் பந்துக்கு வரம்பே கிடையாது. ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், ஆக 27 அவுட். அணியின் கையிருப்பு அவ்வளவுதான். அவுட் ஆகாமல் முதல் பேஸில் போய் நிற்பவன் எப்படிப் போனான் என்பது இரண்டாம் பட்சம். கையிருப்பில் ஒன்றைக் கரைக்காமல் போனான் என்பதுதான் கணக்கு.

இனி சின்சினாட்டி. 2012-இல் ரெட்ஸ் அணி 97 ஆட்டங்களில் ஜெயித்தது. பிளே-ஆஃபில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸை முதல் இரண்டு ஆட்டங்களில் தோற்கடித்துவிட்டு, அடுத்த மூன்றையும் சொந்த மைதானத்தில் வரிசையாகக் கோட்டைவிட்டது. அந்தக் காயத்தோடு ரசிகர்கள் குளிர்காலத்துக்குள் நுழைந்தார்கள். குளிர்காலப் பேச்சுக்கு அமெரிக்காவில் 'ஹாட் ஸ்டவ் லீக்' என்று பெயர். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து அடுத்த வருட அணியை வாயாலேயே கட்டுவது. அந்த வருடம் கட்டுவதற்கு ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ரெட்ஸின் மட்டை வரிசையில் முதல் இடத்தில் ஆடியவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் ஆன்-பேஸ் விகிதம் 0.254. லீக் சராசரி 0.320-ஐ ஒட்டி இருந்த காலம் அது. வரிசையில் முதலில் ஆடுகிறவர்தான் ஒரு சீசனில் அதிகத் தடவை மட்டையோடு நிற்பார். அந்த இடத்தில் அணியின் மிகப் பலவீனமான ஆட்டக்காரர்களை நிறுத்தியிருந்தார்கள். மூன்றாவதாக வருபவர் ஜோயி வோட்டோ. 2010-இன் சிறந்த ஆட்டக்காரர், அந்த லீக்கிலேயே பேஸுக்குப் போவதில் முதல்வர். அவர் வரும்போது பேஸ்கள் காலியாகக் கிடக்கும்.

2012 டிசம்பர் 11 அன்று மூன்று அணிகள் சேர்ந்த ஒரு பேரத்தில் ஷின்-சூ சூ என்ற கொரியர் கிளீவ்லாண்டிலிருந்து வந்தார். ரெட்ஸ் கொடுத்தது சென்டர் ஃபீல்டில் ஆடிய ட்ரூ ஸ்டப்ஸையும், டிடி கிரிகோரியஸ் என்ற இளம் ஷார்ட்ஸ்டாப்பையும். இதற்கு ஒரு சாரார் கொதித்தார்கள். அவர்கள் சொன்னதில் பிசகு இல்லை. சூவின் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வருடம்தான் பாக்கி. சென்டர் ஃபீல்ட் அவருக்குப் பழக்கமான இடம் இல்லை. இடதுகைப் பிட்சர்களிடம் தடுமாறுவார். ஒரு வருடத்துக்காகப் பத்து வருடம் ஆடக்கூடிய பையனைக் கொடுப்பார்களா? பிற்பாடு கிரிகோரியஸ் நியூயார்க் யாங்கீஸில் டெரெக் ஜீட்டர் விட்டுப்போன இடத்தில் போய் நின்றார் என்பதையும் அவர்கள் பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். (அதே பேரத்தில் கிளீவ்லாண்டுக்குப் போன டிரெவர் பாவர் 2019-இல் சின்சினாட்டிக்கே வந்து, 2020-இல் சை யங் விருதும் வாங்கினார். பேரங்களின் லாப நஷ்டம் எந்தத் தேதியில் முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.)

2013-இல் சூ 162 ஹிட் அடித்தார், 112 வாக் வாங்கினார், 26 முறை உடம்பில் பந்து பட்டுப் பேஸுக்குப் போனார். கூட்டிப் பாருங்கள், சரியாக 300. விகிதம் 0.423. ஒரு வருடத்துக்கு முன் 0.254 இருந்த அதே இடம்! சென்டர் ஃபீல்டில் அவர் சில பந்துகளைத் தவறவிட்டது உண்மை. அதைவிட அதிகமாகவே மட்டையால் திருப்பிக் கொடுத்தார். வோட்டோ 135 வாக்கோடு 316 முறை பேஸுக்குப் போனார், 0.435.

ஊர் அமைதியாகியிருக்க வேண்டும் அல்லவா? அப்போதுதான் சண்டை உச்சத்துக்குப் போனது. காரணம் இன்னொரு எண். வோட்டோவுக்குப் பின்னால் நான்காவதாக ஆடிய பிராண்டன் பிலிப்ஸ் அந்த வருடம் தன் அடியால் 103 ரன்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வோட்டோ கொண்டுவந்தது 73. வோட்டோவின் பத்து வருட ஒப்பந்த நீட்டிப்போ 225 மில்லியன் டாலர். "இவ்வளவு காசு வாங்குகிறவர் ஆள் நிற்கும்போது நடந்து போனால் எப்படி? அடிக்க வேண்டாமா?" என்று கடைத்தெருவில் கேட்டார்கள், வானொலியில் கேட்டார்கள். அணியின் நெடுநாள் வர்ணனையாளர் மார்ட்டி பிரென்னமனும் இந்தக் கட்சிதான். மேலாளர் டஸ்டி பேக்கர் சிகாகோவில் இருந்த காலத்திலேயே, மெதுவாக ஓடுகிறவர்கள் பேஸ்களை அடைத்துக்கொண்டு நிற்பதில் பெரிய லாபம் இல்லை என்ற கருத்துக்காகக் கேலிக்கு ஆளானவர்.

இந்தக் கட்சியைப் பாமரர் என்று தள்ளிவிடுவது சுலபம். நான் தள்ள மாட்டேன். இரண்டாவது பேஸில் ஆள் நிற்கிறான், வோட்டோ வாக் வாங்கினால் மட்டை அடுத்தவன் கைக்குப் போகிறது. அடுத்தவன் வோட்டோவைவிட மட்டமான ஆட்டக்காரன். நல்லவன் விட்டுக்கொடுத்து மட்டமானவன் அடிப்பது என்ன நியாயம்? கேள்வியில் சரக்கு இருக்கிறது. ஆனால் வாக் வாங்காமல் அந்த மோசமான பந்தைத் துரத்தினால் வோட்டோவும் மட்டமான ஆட்டக்காரராகிவிடுவார் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். எல்லைக்கு வெளியே போகும் பந்தை எவன் அடித்தாலும் பெரும்பாலும் அவுட்தான்.

பிலிப்ஸின் 103-ஐயும் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். அந்த வருடம் அவருடைய ஆன்-பேஸ் விகிதம் 0.310, சராசரிக்கும் கீழே. அப்படிப்பட்டவருக்கு 103 எப்படி வந்தது? அவர் மட்டை பிடிக்க வரும்போதெல்லாம் சூவோ வோட்டோவோ, சில சமயம் இருவருமோ, முன்னால் பேஸில் நின்றுகொண்டிருந்தார்கள். கொண்டுவருவதற்கு ஆள் இருந்தார்கள், கொண்டுவந்தார். ஆள் நிற்கும்போது அவர் நன்றாக ஆடினார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆனாலும் பாதிப் புகழ் பக்கத்து வீட்டுக்குச் சேர வேண்டியது.

எனக்கு உண்மையில் எரிச்சலூட்டியது வோட்டோ விவகாரம் அல்ல. சூவுக்கும் வோட்டோவுக்கும் நடுவே, இரண்டாம் இடத்தில், பல ஆட்டங்களில் ஜாக் கோஸார்ட்டை நிறுத்தினாரே பேக்கர், அதுதான். கோஸார்ட்டின் விகிதம் 0.284. சூ பேஸுக்குப் போனதும் இவர் பந்தை மெல்லத் தட்டிவிட்டு, தான் அவுட் ஆகி, சூவை இரண்டாம் பேஸுக்கு நகர்த்துவார். தியாகம் என்று கைதட்டுவார்கள். ஜார்ஜ் லிண்ட்ஸி என்ற கனடாக்காரர், ராணுவத்துக்கு ஆராய்ச்சி செய்தவர், நூற்றுக்கணக்கான ஆட்டங்களின் குறிப்புகளை வைத்து 1963-இலேயே இதற்கு அட்டவணை போட்டுவிட்டார். அவுட் இல்லாமல் முதல் பேஸில் ஆள் நின்றால் அந்த இன்னிங்ஸில் எதிர்பார்க்கக்கூடிய ரன், ஓர் அவுட்டோடு இரண்டாம் பேஸில் ஆள் நிற்பதைவிட அதிகம். ஐம்பது வருடம் கழித்தும் தியாகம் நடந்துகொண்டிருந்தது.

அந்த சீசன் 90 வெற்றிகளோடு முடிந்து, அக்டோபர் 1 அன்று பிட்ஸ்பர்கில் ஒரே ஆட்டத்தில் வெளியேறினார்கள். பேக்கரை அனுப்பினார்கள். ஒப்பந்தம் முடிந்து சூ ஃப்ரீ ஏஜென்ட் ஆனார். டிசம்பரில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் ஏழு வருடத்துக்கு 130 மில்லியன் டாலர் கொடுத்து அழைத்துக்கொண்டது.

உங்கள் கேள்விக்கான பதில் இந்த 130 மில்லியனில்தான் இருக்கிறது. ஓக்லாண்ட் ஹேட்டபெர்க்கை மலிவாகப் பிடித்தது. முழங்கைக் காயத்தோடு நின்றவரை வேறு யாரும் பெரிதாகச் சீந்தவில்லை. ஹேக்ஸ், சாவர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஆன்-பேஸ் திறமைக்கு முன்பெல்லாம் குறைந்த சம்பளமே கிடைத்தது, 2004-க்குள் சந்தை விழித்துக்கொண்டு விலையைச் சரிசெய்துவிட்டது என்று காட்டினார்கள். அதாவது ரகசியம் ஊருக்கே தெரிந்ததும் அது ஏழை அணிகளின் கையைவிட்டுப் போனது. பேஸுக்குப் போவது முக்கியமா என்று அணி அலுவலகங்களில் இன்று யாரும் கேட்பதில்லை. இந்த விலைக்கு, இத்தனை வருடத்துக்கு, இந்த வயதுக்காரருக்கா என்றுதான் கேட்கிறார்கள். ரசிகர்களின் சண்டையும் பாதி இதைப் பற்றியதுதான். மீதிப் பாதி, பொறுத்து நின்றவனுக்குப் புகழா, முடித்துவைத்தவனுக்குப் புகழா என்கிற பழைய தகராறு. அதை எந்த அட்டவணையும் தீர்க்காது.

சின்சினாட்டியால் அந்த விலை கொடுக்க முடியவில்லை. பதிலுக்கு பில்லி ஹாமில்டனை முதல் இடத்துக்குக் கொண்டுவந்தது. 2012-இல் கீழ்நிலை லீக்குகளில் 155 பேஸ் திருடி, அதாவது அடி விழாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்து, சாதனை படைத்த பையன். ஓடுவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். ரசிகர்களுக்கு ஏக உற்சாகம். ஆனால் பேஸ்பாலில் ஒரு பழம்பேச்சு உண்டு: முதல் பேஸைத் திருட முடியாது. 2014-இல் ஹாமில்டன் 56 பேஸ் திருடினார், 23 முறை பிடிபட்டார். நூற்றுக்கு எழுபத்தொன்று. திருட்டு முயற்சியில் லாபமும் நஷ்டமும் சமமாகும் இடம் ஏறக்குறைய எழுபதுதான். அவ்வளவு ஓட்டமும் ஓடி, கிட்டத்தட்ட புறப்பட்ட இடத்திலேயே நின்றார். ஆன்-பேஸ் விகிதம் 0.292.

அணியின் மொத்த ரன் 698-லிருந்து 595-ஆக விழுந்தது, வெற்றிகள் 76. இந்தப் பழியை முழுக்க அந்தப் பையன் தலையில் கட்டுவது பாவம். வோட்டோ தொடைக் காயத்தால் 62 ஆட்டங்கள்தான் ஆடினார், பிலிப்ஸும் காயப்பட்டார். சென்டர் ஃபீல்டில் சூ எட்டவே முடியாத பந்துகளை ஹாமில்டன் பாய்ந்து பிடித்தார்.

சூவைத் தக்கவைத்திருக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். டெக்சஸில் முதல் வருடமே அவர் விகிதம் 0.340-க்கு இறங்கியது. பிறகு 2018-இல் தொடர்ந்து 52 ஆட்டங்களில் பேஸுக்குப் போய்க் காட்டினார், அப்போது வயது முப்பத்தைந்து, முப்பத்தாறு. என்னைக் கேட்டால் நான்கு வருடம் என்றால் கையெழுத்துப் போட்டிருப்பேன், ஏழு என்றால் மாட்டேன். போடாமல் விட்டிருந்தாலும் ஹாமில்டனை முதலில் அனுப்பியிருக்க மாட்டேன். எட்டாம் இடம் கொடுத்து, பந்து பிடிக்கிற வேலையைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். முதல் இடத்துக்கு வோட்டோ. 225 மில்லியன் டாலர் ஆளை நடந்து போவதற்கென்றே முதலில் அனுப்புவதா என்று சின்சினாட்டியில் என்னை அடிக்க வருவார்கள், நீங்களும் ஆட்சேபிக்கலாம். மறுப்பு எழுதுவதானால் பிப்ரவரி நடுவுக்குள் எழுதிவிடுங்கள். அதற்கப்புறம் அரிசோனாவில் பயிற்சி முகாம் தொடங்கிவிடும், எனக்குக் கடிதம் படிக்க நேரம் இருக்காது.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்