பானை வாங்குவதற்கு முன்

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. படிப்பு முடிந்ததும் பெங்களூரில், பீரைத் தானே தயாரித்து விற்கும் ஒரு ப்ரூபப்பில் வேலைக்குச் சேர வேண்டும் என்கிறாய். அதற்கு முன்னால், சாரல் காலத்துக் குளிர்ச்சியிலேயே, ஐந்தருவி வீட்டின் பின்கட்டில் இருபது லிட்டர் பீர் போட்டுப் பார்க்கலாமா, எந்தப் பானை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். மெல்போர்னில் பல வருஷமாக வீட்டில் பீர் போடுகிறவன் சொல்கிறேன்: இப்போது பானை வாங்காதே.

முதல் காரணம் சட்டம். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். தயாரிப்பதற்கென்று பாத்திரமும் பொருளும் வைத்திருப்பதும் குற்றம். வீட்டுக்கு மட்டும்தான், விற்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. புளியரை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் ஆரியங்காவுப் பக்கம் கள்ளுக்கடை இருக்கிறதே என்பாய். அந்தக் கடைக்கு உரிமம் உண்டு. கேரளத்திலும் வீட்டில் காய்ச்சுகிறவனுக்கு வழக்குதான். நான் இருக்கும் ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்கு பீர் போடலாம், விற்கக் கூடாது, அனுமதியின்றிச் சாராயம் வடிக்கக் கூடாது. பிரிட்டனில் 1963 வரை வீட்டு பீருக்கு உரிமம் தேவைப்பட்டது. அமெரிக்காவில் 1978இல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகுதான் வழி திறந்தது.

இரண்டாவது காரணம் பயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களைக் கொன்றது சாராயத்தில் கலந்த மெத்தனால். பார்லியை நொதிக்க வைப்பதால் கொல்லும் அளவுக்கு மெத்தனால் உண்டாவதில்லை என்பது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அத்தனை உயிர் போன மாநிலத்தில், உன் பின்கட்டுப் பானையைப் பார்த்து ஆச்சி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பயத்தை வீட்டுக்குள் கொண்டுவராதே.

வேலைக்குச் சேரும்வரை சும்மா இருக்கச் சொல்லவில்லை. பீர்க்காரனுடைய வேலையில் பாதி, ஈஸ்ட் போடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அந்தப் பாதியை உன் அடுப்படியிலேயே பழகலாம். கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, வெயிலில் காயவைத்துத் திரி. சாரலில் இதைச் செய்யாதே. காயாமல் பூஞ்சை பிடித்துவிடும், பூஞ்சை பிடித்ததை அப்படியே கொட்டிவிடு. பிறகு சாதாரணக் கேழ்வரகு மாவில் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி, 65 டிகிரி செல்சியஸுக்கு ஆறவிட்டு, முளைகட்டிய மாவைக் கொஞ்சம் கலந்து கிளறு. சில நிமிஷத்தில் கஞ்சி நீர்த்துப்போகும், நேரம் ஆக ஆக இனிக்கும். முளையில் உண்டான அமிலேஸ் நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது. பார்லியை முளைகட்டிய மால்ட்டில் நடப்பதும் இதேதான். ஒரு சொட்டுக் கஞ்சியைத் தட்டில் எடுத்து அயோடின் விட்டுப் பார்; கருநீலமானால் மாவு இன்னும் மிச்சம். சோதித்த சொட்டைக் கழுவிவிடு. அதே கஞ்சியை 80 டிகிரியில் செய்து பார். நொதி செத்துப்போய் வேலை நின்றுவிடும். தெர்மாமீட்டரை மதிக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஈஸ்ட்டை ரொட்டி மாவில் பழகு. பேக்கரி ஈஸ்ட்டும் ஏல் வகை பீரின் ஈஸ்ட்டும் ஒரே இனம். ஒரே மாவை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அடுப்பின் அருகிலும் மற்றதைக் குளிர்ந்த மூலையிலும் வைத்து மணத்தை ஒப்பிடு. ஏல் ஈஸ்ட்டுக்குப் பெரும்பாலும் 18 முதல் 22 டிகிரி வேண்டும். நொதிக்கும்போது பானை தானாகவே சூடேறும். சூடு மிஞ்சினால் பீரில் பெயின்ட் தின்னர் போல ஒரு நெடி ஏறும். ஈரச்சாக்கு சுற்றினால் போதும் என்று எழுதியிருந்தாய். கோடையின் வறண்ட காற்றில் அது குளிர்விக்கும்; சாரலின் ஈரக்காற்றில் சாக்குத் தண்ணீர் சரியாக ஆவியாகாது. வெக்கைக்குத் தோதான ஈஸ்ட்டும் உண்டு: நார்வே பண்ணைவீடுகளில் வழிவழியாகக் காத்துவந்த க்வைக், 35 டிகிரியிலும் சுத்தமாக வேலை செய்யும். 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் கலப்பில்லாத தூய ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தார். அதைப் பூட்டி வைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தார்கள். நீ சேரப்போகும் தொழிலின் மரபு அது.

இனி ஆபத்துகள். இவற்றை வேலைக்குப் போகும் முதல் நாளே அறிந்திரு. கொதிக்கும் மால்ட் சாறு பால் போலப் பொங்கும், ஆனால் பாலைவிட ஒட்டிக்கொண்டு சுடும். பானையை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாதே. தண்ணீர் காயவைக்கும் ஹீட்டர் ராடை உலோகப் பானையில் போடாதே. ரசாயனம் வந்த கேன் எத்தனை முறை கழுவினாலும் உணவுக்கு ஆகாது. பிளீச்சிங் பவுடரையும் வினிகரையும் ஒருநாளும் சேர்க்காதே. குளோரின் வாயு கிளம்பும். இருபது லிட்டர் பீர் நொதித்து முடிவதற்குள் ஏறத்தாழ 400 லிட்டர் கரியமில வாயு வெளியேறுகிறது. அதனால் ஜன்னல் இல்லாத அறையில் வைக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது பாட்டில். சர்க்கரை மிச்சமிருக்கும்போதே மூடினால், உள்ளே அழுத்தம் ஏறிக் கண்ணாடி வெடிக்கும். சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.048இல் தொடங்கி 1.010க்கு இறங்கியது என்றால், ஆல்கஹால் சுமார் ஐந்து சதவீதம். அந்த எண் இரண்டு மூன்று நாள் அசையாமல் நின்ற பிறகே பாட்டிலில் அடைக்க வேண்டும். குமிழி நின்றுவிட்டதே என்று நம்பி மூடுகிறவர்கள்தான் கையிலும் கண்ணிலும் காயப்படுகிறார்கள்.

செலவைக் கேட்டாய். இங்கே நூறு, நூற்றைம்பது டாலரில் முதல் செட் கிடைக்கும்: உணவுத்தரப் பிளாஸ்டிக் வாளி, காற்றடைப்பு, ஹைட்ரோமீட்டர், கிருமிநீக்கி. இருபது லிட்டருக்கு 11 கிராம் அளவுள்ள ஒரு உலர் ஈஸ்ட் பாக்கெட் போதும். மிச்சம் பிடிப்பதற்காக பீர் போடத் தொடங்குகிறவர்கள் பளபளக்கும் எஃகுப் பானைகளில் அந்த மிச்சத்தை விட்டுவிடுவார்கள். பணம் இருந்தால் முதலில் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஒரு பழைய ஃபிரிட்ஜுக்குச் செலவழி. பானை எதுவானாலும் பீர் அதேதான். சூடு தவறினால் எந்தப் பானையும் காப்பாற்றாது.

இந்தத் தொழிலில் கெட்டுப்போனதெல்லாம் அவசரத்தால் கெட்டதுதான்: ஆறும் முன் ஈஸ்ட் போட்டது, எண் நிற்கும் முன் மூடியது, பழகும் முன் வாங்கியது. சட்டம் உன்னைக் காத்திருக்க வைக்கும் இந்த மாதங்களை அந்தப் பொறுமைக்கான பயிற்சியாக எடுத்துக்கொள். இப்போதைக்கு ஒரு நல்ல தெர்மாமீட்டரும் ஒரு நோட்டும் வாங்கு. ஒவ்வொரு கஞ்சியின் சூட்டையும், நேரத்தையும், ருசியையும் அன்றன்றே எழுதிவை. நேர்முகத்துக்குப் போகும்போது அந்த நோட்டைக் கொண்டுபோ. உரிமம் பெற்ற இடத்தில், அனுபவசாலிகளின் கண்பார்வையில் உன் முதல் பீரைப் போடு. அதன் எண்களை எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்