தொண்டில் தழைத்த குடும்பம்

சென்னையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் பெருவழி பூவிருந்தவல்லியைக் கடந்ததும் திருமழிசையை ஒட்டிச் செல்கிறது. பன்னிரு ஆழ்வாருள் ஒருவராகிய திருமழிசையாழ்வார் தோன்றிய பழம்பதி இது. பெற்றோரைப் பிரிந்து மூங்கிற் புதரிடையே கிடந்த குழந்தையை, மூங்கில் அறுத்துப் பிழைக்கும் எளிய கணவனும் மனைவியும் கண்டெடுத்து வளர்த்தனர் என்றும், அக்குழந்தையே பின்னாளில் ஆழ்வாராய் விளங்கியது என்றும் வைணவப் பெரியோர் கூறுவர். பிறர் பெற்ற பிள்ளையைத் தம் பிள்ளையாகக் கருதும் உள்ளம் எத்துணை உயர்ந்தது என்பதற்கு இவ்வூர் ஒரு சான்று.

அதே பெருவழியில் மேலும் மேற்கே சென்றால், திருப்பெரும்புதூர், வாலாசாப்பேட்டை, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களைக் கடந்து வேலூரை அடையலாம். பிறர் பிள்ளைகளைக் காப்பதற்காகத் தம் பிள்ளைகளையே பிரிந்து வாழ்ந்த ஒரு குடும்பத்தின் வரலாறு அவ்வழி நெடுகிலும் பரவிக் கிடக்கிறது. அதுவே ஸ்கடர் குடும்பம். கடல் கடந்து வந்த அக்கிறித்தவக் குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் மக்களிடையே வாழ்ந்து, சமயப் பணியும் மருத்துவப் பணியும் ஆற்றினர்.

கடல் கடந்த இணையர்

அமெரிக்க நாட்டில் நியூயார்க் நகரில் ஜான் ஸ்கடர் என்னும் மருத்துவர் வாழ்ந்து வந்தார். கைநிறைய வருவாயும், அன்பு மனைவியும், சின்னஞ்சிறு மகளும் அவருக்கு வாய்த்திருந்தனர். ஒருநாள் நோயாளி ஒருவரைக் காணச் சென்றவர், அங்கிருந்த சிறு நூல் ஒன்றை எடுத்துப் படித்தார். தொலைநாட்டு மக்களிடையே சென்று பணியாற்றுமாறு அந்நூல் அழைத்தது. அன்று முதல் அவர் உள்ளம் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. மனைவி ஹேரியட் அம்மையாரும் கணவரின் கருத்துக்கு இசைந்தார். 1819ஆம் ஆண்டு சூன் திங்களில் அவர்கள் பாஸ்டன் துறைமுகத்தில் பாய்மரக் கப்பல் ஏறினர்.

அக்காலக் கடற்பயணம் எளிதானதன்று. காற்றை நம்பிச் செல்லும் கலம் கல்கத்தாவை அடைய நான்கு திங்கள் ஆயின. கரையேறிய சின்னாட்களுக்குள்ளேயே அவர்களுடைய ஒரே மகள் நோயுற்று இறந்தாள். புதிய நாட்டில் அவர்கள் முதன்முதற் செய்த செயல், பெற்ற குழந்தையை மண்ணுக்குள் வைத்ததேயாகும். எனினும் அவர்கள் திரும்பிச் செல்லவில்லை. அவ்வாண்டின் இறுதியில் யாழ்ப்பாணம் சேர்ந்து, பின்னர்ப் பண்டத்தரிப்பு என்னும் ஊரில் குடியமர்ந்தனர்.

அங்கே அவர்கள் நடத்திய வாழ்க்கை எளியது, ஆனால் ஓய்வற்றது. ஜான் ஸ்கடர் தமிழ் கற்றார்; நோயாளிகளுக்கு மருந்தளித்தார்; அறுவை மருத்துவம் செய்தார்; பள்ளிகளைக் கண்காணித்தார்; ஊர் ஊராகச் சென்று தம் சமயத்தை எடுத்துரைத்தார். வாந்திபேதி பரவி மக்களைக் கொள்ளைகொண்ட காலம் அது. நோய்க்கு அஞ்சி உறவினரே ஒதுங்கிய இல்லங்களிலும் மருத்துவர் நுழைய வேண்டியிருந்தது. ஹேரியட் அம்மையாரோ தம் மக்களைப் பேணியதோடு, அயலார் பிள்ளைகளின் கல்விக்கும் துணைநின்றார். அமெரிக்க நாட்டிலிருந்து மருத்துவப் பணிக்கென்றே வெளிநாடு சென்ற சமயத் தொண்டருள் முதல்வர் ஜான் ஸ்கடரே என்பர்.

1836ஆம் ஆண்டில் அவர் மிரன் வின்சுலோ என்னும் அறிஞருடன் சென்னைக்கு அனுப்பப்பட்டார். தமிழில் நூல்களை அச்சிட்டுப் பரப்புதல் அவர்கள் மேற்கொண்ட பணிகளுள் ஒன்று. அவ்வின்சுலோவே 1862ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ்–ஆங்கிலப் பேரகராதியால் தமிழறிஞர் போற்றும் புகழைப் பெற்றவர். சென்னையிலேயே 1849ஆம் ஆண்டில் ஹேரியட் அம்மையார் உயிர் நீத்தார். ஜான் ஸ்கடர் உடல்நலம் நாடித் தென்னாப்பிரிக்கா சென்றார். ஆங்கே நன்னம்பிக்கை முனைக்கு அருகிலுள்ள வின்பர்க் என்னும் ஊரில் 1855ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மறைந்தார்.

பிரிவுத் துயர்

அவர்களுடைய மைந்தர் எழுவர் தந்தையின் வழியைப் பின்பற்றிச் சமயத் தொண்டராயினர். அவருள் மூவர் முன்னின்று 1853ஆம் ஆண்டில் ஆர்க்காட்டுப் பகுதியில் ஒரு தொண்டமைப்பை நிறுவினர். சைலஸ் என்பவர் 1866ஆம் ஆண்டில் இராணிப்பேட்டையில் மருத்துவமனை தொடங்கினார்.

இவையெல்லாம் புறத்தே தெரியும் புகழ். அகத்தே அக்குடும்பம் பட்ட துன்பம் பெரிது. பிள்ளைகள் ஓரளவு வளர்ந்ததும் கல்விக்காக அவர்களைத் தாய்நாட்டுக்கு அனுப்பிவிடுதல் அத்தொண்டரிடையே வழக்கமாயிருந்தது. பாய்மரக் கப்பற் காலத்தில் ஒரு கடிதம் சென்று சேரப் பல திங்கள் ஆகும். அதற்கு மறுமொழி வர ஏறத்தாழ ஓராண்டு கழியும். மகனுக்குக் காய்ச்சல் என்னும் செய்தி தாயை அடையும்போது, அவன் நலமாய் ஓடியாடிக்கொண்டிருப்பான்; அல்லது உலகிலேயே இல்லாமற் போயிருப்பான். ஆப்பிரிக்கக் கண்டத்தில் பணியாற்றிய டேவிட் லிவிங்ஸ்டனும் 1852ஆம் ஆண்டில் தம் மனைவியையும் மக்களையும் கேப் நகரில் கப்பலேற்றி அனுப்பிவிட்டுத் தனியே உள்நாடு நோக்கிச் சென்றார். தொண்டர் செய்த தியாகத்தை உலகம் பாராட்டியது. அவர்தம் பிள்ளைகள் செய்த தியாகத்தை உலகம் அவ்வளவாக எண்ணிப் பார்க்கவில்லை.

அத்தகைய பிள்ளைகளுள் ஒருத்தியே ஐடா. முதல் ஜான் ஸ்கடரின் மைந்தரான இரண்டாம் ஜான் ஸ்கடருக்கும் சோபியா அம்மையாருக்கும் ஒரே மகளாக 1870ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் இராணிப்பேட்டையில் பிறந்தாள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது அவள் சிறுமி. பசியால் எலும்புந்தோலுமான குழந்தைகளின் வாயில் தன் சிறு கையால் உணவு ஊட்டினாள். அக்காட்சி அவள் நெஞ்சில் ஆறாத வடுவாயிற்று.

பின்னர்க் குடும்பம் அமெரிக்கா சென்றது. சில ஆண்டுகள் கழிந்தன. தந்தை பணியை நாடி இந்தியா திரும்பினார். 1883ஆம் ஆண்டில் தாயும் அவரைத் தொடர்ந்து புறப்பட்டார். சிகாகோ நகரில் பெரிய தந்தையார் இல்லத்தில் ஐடா விடப்பட்டாள். அப்போது அவளுக்கு வயது பன்னிரண்டு. அன்னையைப் பிரிந்த அன்றைய இரவின் துயரை அவள் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. தந்தை, தாய், சிற்றப்பன்மார் யாவரையும் பற்றிக்கொண்ட இந்தியா தன்னை மட்டும் பற்றலாகாது என்று அவள் உறுதி பூண்டாள்.

திண்டிவனத்து இரவு

1890ஆம் ஆண்டில் தாய் நோயுற்றார் என்னும் செய்தி வந்தது. ஐடா திண்டிவனத்துக்கு விரைந்து வந்தாள். தாய்க்குத் துணையாகச் சிறிது காலம் தங்கித் திரும்பிவிடுவதே அவள் எண்ணம்.

ஓரிரவு அவள் விளக்கொளியில் அமர்ந்திருந்தபோது கதவு தட்டப்பட்டது. ஓர் அந்தண இளைஞர் நின்றார். தம் இளம் மனைவி மகப்பேற்று வேதனையால் துடிக்கிறாள் என்றும், ஐடா வந்து காப்பாற்ற வேண்டும் என்றும் வேண்டினார். தனக்கு மருத்துவம் தெரியாது என்றும், தன் தந்தையே தேர்ந்த மருத்துவர் என்றும் அவள் கூறினாள். அயல் ஆடவர் தம் மனைவியைத் தீண்டுதல் தம் குல வழக்குக்கு ஒவ்வாது என்று மறுத்து அவர் திரும்பிச் சென்றார். சற்று நேரத்தில் மீண்டும் கதவு தட்டப்பட்டது. இம்முறை வந்தவர் ஓர் இசுலாமியர். வேண்டுகோளும் அதுவே, தந்தை வருவதாகக் கூறியபோது அவர் அளித்த விடையும் அதுவே. மூன்றாம் முறையாகவும் கதவு தட்டப்பட்டது. உயர்குடியைச் சார்ந்த மற்றோர் இந்து நின்றார். அவரும் அவ்வாறே ஏமாற்றத்துடன் மீண்டார்.

அவ்விரவு ஐடா உறங்கவில்லை. பொழுது விடிந்தது. அம்மூன்று இளம்பெண்களும் இறந்துபட்டனர் என்னும் செய்தி வந்தது. மருந்து இருந்தது, மருத்துவர் இருந்தார், கூப்பிடு தொலைவில் உயிர் காக்கும் கையும் இருந்தது. ஆயினும் பெண்ணொருத்தி மருத்துவம் கல்லாத குறையால் மூன்று உயிர்கள் ஒரே இரவில் மாண்டன. தாயைப் பிரிந்த துயரை நன்கறிந்த ஐடா, உலகத்தைக் கண் திறந்தும் பாராத குழந்தைகளோடு தாய்மார் மாயும் துயரை அன்று அறிந்தாள். அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, இந்நாட்டுப் பெண்களுக்கு உதவத் திரும்பி வருவதாகப் பெற்றோரிடம் தெரிவித்தாள். எந்த நாட்டைவிட்டு ஓட எண்ணினாளோ அந்நாடே அவள் நாடாயிற்று.

ஒற்றைக் கட்டிலும் மரநிழலும்

ஐடா அம்மையார் 1899ஆம் ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்டப் பொருள் திரட்டும் பணியும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் ஓர் அம்மையாரிடம் தம் நோக்கத்தை எடுத்துரைத்துக்கொண்டிருந்தார். அதனை அடுத்த அறையிலிருந்து கேட்ட ஷெல் என்னும் முதியவர் மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் வழங்கினார்.

1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்தடைந்தார். தந்தையாரின் அருகிருந்து பயிற்சி பெறலாம் என்று அவர் எண்ணியிருந்தார். ஆனால் சில திங்களுக்குள் தந்தையார் நோயுற்று இறந்தார். துணையின்றி நின்ற இளம் மருத்துவரைத் தொடக்கத்தில் மக்கள் நம்பவில்லை. குடியிருந்த வீட்டிலேயே ஒரே கட்டிலுடன் அவர் மருத்துவம் செய்யத் தொடங்கினார். சமையற்காரரின் மனைவியே அவருக்கு உதவியாளர். ஒருத்தி நலம் பெற்றால் அவள் வாய்ச்சொல் கேட்டுப் பத்துப் பேர் வருவர். இவ்வாறு நம்பிக்கை வளர்ந்தது. வீட்டு முற்றத்தில் நோயாளிகள் நிறைந்தனர். இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 பேர் மருத்துவம் பெற்றனர். 1902ஆம் ஆண்டில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை நாற்பது கட்டில்களுடன் திறக்கப்பெற்றது.

மருத்துவமனைக்கு வர இயலாத சிற்றூர் மக்களைத் தேடி ஐடா தாமே சென்றார். குடியாத்தம் செல்லும் சாலையில் குறித்த நாளில் அவர் வண்டி செல்லும். ஆங்காங்கே மர நிழலில் நோயாளிகள் காத்திருப்பர். புண்ணைக் கழுவிக் கட்டுதல், கண்ணுக்கு மருந்திடுதல், கைக்குழந்தையைப் பார்த்தல் எனப் பொழுது கழியும். முதலில் மாட்டு வண்டியிலும், பின்னர் மோட்டார் வண்டியிலும் இப்பணி நடந்தது. முதன்முதல் மோட்டார் வண்டியைக் கண்ட சிற்றூரார் பேயென்று அஞ்சி ஓடினராம்! பின்னரோ அவ்வண்டியின் ஒலியையே வழிமேல் விழி வைத்து எதிர்பார்த்தனர். இன்ன சாதியார், இன்ன சமயத்தார் என்னும் வேறுபாடு அம்மரநிழலில் இல்லை.

மகள் வெளியே உழைக்க, முதிய அன்னை சோபியா அம்மையார் இல்லத்தைக் காத்தார். 1861ஆம் ஆண்டில் அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, மெலிந்த உடலினராகிய இவர் இந்நாட்டு வெயிலைத் தாங்குவாரோ என்று பலரும் ஐயுற்றனர். அவரோ 1925ஆம் ஆண்டு வரை வாழ்ந்து, எண்பத்தாறாம் வயதில் மறைந்தார். சிகாகோவில் பிரிந்த தாயும் மகளும் வேலூரில் கால் நூற்றாண்டு ஒருங்கு வாழ்ந்தனர்.

பெண்களுக்கு மருத்துவக் கல்வி

தாம் ஒருவர் எத்துணை உழைப்பினும் போதாது என்பதை ஐடா அம்மையார் உணர்ந்தார். ஊருக்கு ஊர் பெண் மருத்துவர் வேண்டும். அவர்கள் இந்நாட்டுப் பெண்களாகவே இருத்தல் வேண்டும். செவிலியர் பயிற்சியை 1909ஆம் ஆண்டில் தொடங்கியவர், மருத்துவப் பள்ளி தொடங்க அரசின் இசைவை வேண்டினார். மருத்துவம் பயிலப் பெண்கள் முன்வருவரோ என்று அலுவலர் ஐயுற்றனர். ஆறு பேரேனும் கிடைத்தால் தொடங்கலாம் என்றனர். அத்தொகையினும் பன்மடங்கினர் விண்ணப்பித்தனர். 1918ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 12ஆம் நாள் பள்ளி திறக்கப்பெற்றது. முதல் அணி மாணவியர் பதினால்வர் 1922ஆம் ஆண்டில் பயிற்சி முடித்து மருத்துவராய் வெளிவந்தனர்.

1942ஆம் ஆண்டில் அப்பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. 1947ஆம் ஆண்டு முதல் ஆடவரும் சேர்க்கப்பட்டனர். இன்று வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி என்னும் பெயரை அறியாதார் இந்நாட்டில் அரியர். ஐடா அம்மையார் மணம் செய்துகொள்ளாமல் தம் வாழ்நாள் முழுவதையும் இப்பணிக்கே ஈந்து, 1960ஆம் ஆண்டு மே திங்களில் கொடைக்கானலில் தம் எண்பத்தொன்பதாம் வயதில் இயற்கை எய்தினார். இந்திய அஞ்சல் துறை 2000ஆம் ஆண்டில் அக்கல்லூரியின் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

நிறைவு

நான்கு தலைமுறைகளில் ஸ்கடர் குடும்பத்தினர் நாற்பதின்மருக்கும் மேற்பட்டோர் இத்தகைய பணியில் ஈடுபட்டனர். அவர்கள் கொண்ட சமயத்தை ஏற்றவரும் உண்டு. ஏற்காதவர் அதனினும் பலர். ஆனால் அவர்கள் அளித்த மருந்தை எல்லாரும் ஏற்றனர். அக்குடும்பத்தின் பெருமை அதன் பிள்ளைகள் எல்லாரும் மறுப்பின்றிப் பெற்றோர் வழியிற் சென்றதில் இல்லை. இவ்வழி வேண்டாம் என்று உறுதி பூண்ட ஒரு பெண், பிறர் துயரைக் கண்ணெதிரே கண்டபோது தன் உறுதியையே மாற்றிக்கொண்டாள். அதிலேதான் அப்பெருமை ஒளிர்கிறது.

உதவி வேண்டி வருவோர் நம் வாயிலிலும் நிற்பர். அன்று நமக்கு ஆற்றல் இல்லாமற் போகலாம், அதனால் இழிவில்லை. இல்லாத ஆற்றலை முயன்று பெற்று மீண்டும் வருதலே ஐடா அம்மையார் காட்டிய நெறி. திண்டிவனத்தில் ஓரிரவு மும்முறை தட்டப்பட்ட கதவு, வேலூரில் நூறாண்டுக்கும் மேலாகத் திறந்தே இருக்கிறது.