புல்லட்டுக்கு ஸ்ட்ரோக் கூட்டுமுன்

வசூலுக்குப் போய்வரும் பழைய புல்லட்டுக்கு ‘ஸ்ட்ரோக் கூட்டி’ இழுவையைப் பெருக்கலாம் என்று யாரேனும் சொன்னால், பணம் கொடுக்குமுன் கணக்கைப் பாருங்கள்.

திருவொற்றியூர் ஆலையில் பல்லாண்டு தயாரான 350 புல்லட்டின் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ.; கொள்ளளவு 346 சி.சி. ஸ்ட்ரோக்கை 100 ஆக்கினால் 385 சி.சி. ஆகும். ஆனால் பிஸ்டன் மேலே 5 மி.மீ. கூடுதலாக ஏறும். அதற்கு இடம்விட சிலிண்டருக்கு அடியில் 5 மி.மீ. தகடு வைத்தால் ஹெட்டும் அவ்வளவு உயரும். பழைய புஷ்ராடு எட்டாது. டாப்பட் திருகு சிறு இடைவெளியைச் சரிசெய்யத்தான். இந்தக் குறைக்கு அதை நம்பக் கூடாது.

ஆகவே செய்ய வேண்டிய வரிசை:

1. முதலில் கேம்.

2. அந்தக் கேம் வால்வைத் தூக்கும் அளவுக்கேற்ற ஸ்பிரிங். வால்வு முழுதும் திறக்கையில் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டக் கூடாது. ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் வேகத்தில் வால்வு நேரத்துக்கு மூடாமல் பிஸ்டனில் அடிபடும்.

3. பூட்டிப் பார்த்து, அளந்த பிறகே புஷ்ராடு.

4. பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, கிராங்கைக் கையால் மெதுவாக இரண்டு சுற்று சுற்றி, வால்வு பதிந்த இடத்தில் எஞ்சிய கனத்தைப் பார்த்தல்.

மலிவென்று ஒவ்வொன்றாக வாங்குவது, மூடி சேராத டப்பாவை மொத்தமாக வாங்குவது போலத்தான். ரசீதில் எஞ்சின் மாடலையும் எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று: பதிவுச் சான்றிலுள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. சாலையில் ஓடும் வண்டிக்குப் பழைய அளவே லாபம்.