எகிப்தியர் சின்னங்களும் நெஞ்சின் சாட்சியும்

விடுமுறைக்கு வந்த பேரனை அழைத்துக்கொண்டு சென்ற மாதம் சௌரங்கியிலுள்ள இந்திய அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். 1814-இல் தோன்றிய இதை வங்காளிகள் 'ஜாதூகர்' என்பார்கள். எகிப்திய மம்மியின் முன் நின்றபோது, பேரன் தன் கழுத்துச் சங்கிலியைக் காட்டி, "தாத்தா, இந்த டாலர் அந்த ஊருதானே? போட்டுக்கொண்டால் அதிர்ஷ்டமாமே?" என்றான். தலையில் வளையம் வைத்த சிலுவை போன்ற சின்னம் அது. எனக்குப் பதில் தெரியவில்லை. வீடு திரும்பியதும் புத்தகங்களைப் புரட்டினேன். அறிந்ததை அன்பர்களுக்குச் சொல்கிறேன்.

அதன் பெயர் 'அங்க்'. உயிர் என்று பொருள். கோயில் சுவர்ச் சிற்பங்களில் தெய்வங்கள் இதை அரசனின் மூக்கருகே நீட்டுவார்கள். உயிர்மூச்சைத் தருகிறார்களாம்.

இரண்டாவது, ஹோரஸ் தெய்வத்தின் கண். சண்டையில் சிதைந்த இக்கண்ணைத் தோத் என்ற தெய்வம் சீராக்கியது. ஊனம் நீங்கி முழுமை பெறுவதன் அடையாளம் இது. நாம் திருஷ்டிக்குக் கயிறு கட்டுவதுபோல் காப்பாகவும் அணிந்தார்கள்.

மூன்றாவது, சாணவண்டு. அது உருண்டையை உருட்டிச் செல்வதைப் பார்த்தவர்கள், சூரியனை வானில் உருட்டும் கெப்ரி என்ற தெய்வத்தை அதில் கண்டார்கள். மறுபிறப்பின் சின்னம் இது.

நான்காவது, தீக்கோழி இறகு. உண்மையையும் நீதியையும் குறிக்கும் மாஅத் தேவியின் சின்னம். இறந்தவனின் இதயத்தைத் தராசின் ஒரு தட்டிலும் இந்த இறகை மறுதட்டிலும் வைப்பார்கள். தோத், நம் சித்திரகுப்தன் போலக் கணக்கெழுதும். பாவத்தால் கனத்த இதயத்தை அம்மித் என்ற கொடிய பிராணி விழுங்கிவிடும்.

அறிவின் இருப்பிடம் இதயமே என்று எகிப்தியர் நம்பினார்கள். அதனால் மம்மி செய்யும்போது மூளையை எடுத்துவிட்டாலும் இதயத்தை உடலிலேயே விட்டுவைத்தார்கள். வசதியுள்ளவர்களின் மார்பில் கல்லில் செதுக்கிய வண்டு ஒன்றை வைப்பதுண்டு. தீர்ப்பு வேளையில் தன் நெஞ்சே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடக் கூடாது என்ற வேண்டுதல் அதில் பொறிக்கப்பட்டிருக்கும்.

இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். நெஞ்சறிந்த பொய் சுடும் என்று வள்ளுவரும் சொல்லியிருக்கிறாரே! பாகப்பிரிவினையின்போது, அம்மா தங்கைக்கென்று சொல்லி வைத்த அட்டிகையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. தங்கை இதுவரை கேட்டதில்லை. நெஞ்சுதான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

பேரனிடம், "டாலர் அழகாயிருக்கிறது, போட்டுக்கொள். அதிர்ஷ்டத்தை அதனிடம் கேட்காதே" என்றேன். அன்றிரவே தங்கைக்குக் கடிதம் எழுதினேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அட்டிகையும் என்னோடு வரும்.

ஜாதூகர் பார்க்காத அன்பர்கள் குழந்தைகளோடு ஒருமுறை போய்வாருங்கள். திங்கட்கிழமை விடுமுறை.