முன் வரவேண்டியது விதியா, ஆலையா?

பீடோர் வட்டாரத்தில் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளையும், ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனையையும் காண்கிறோம். இவ்விரு தொழில்களிலும் அந்நிய மூலதனம் நெடுங்காலம் பெரும்பங்கு வகித்தது. இன்று ஆலை அமைப்போர் எந்நாட்டினராயினும் சுற்றுச்சூழல் விதிகளுக்கு இணங்கியே தொழில் நடத்தல் வேண்டும். அவ்விதிகள் காலத்திற்கேற்ப மாறுகின்றன. “விதி மாறினால் வெளிநாட்டு முதலீடு விலகிவிடும்” என்று கூறுவாருளர். அக்கூற்றை நம் நாட்டு நிகழ்ச்சிகள் இரண்டைக் கொண்டு ஆராய்வோம்.

செம்பனை ஆலைகள்

1974ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டது. 1977இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கென விதிமுறைகள் வந்தன. ஆலைக் கழிவு ஆற்றில் கலந்தால், அது மட்கும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன்கள் மடியும். எவ்வளவு பிராணவாயு செலவாகும் என்பதைக் கொண்டு கழிவின் கேடு அளக்கப்படுகிறது. சுத்திகரிக்கப்படாத கழிவில் அவ்வளவு லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் ஆகும். இதனை 1978இல் 5,000ஆகவும், படிப்படியாகக் குறைத்து 1984இல் 100ஆகவும் ஆக்கவேண்டுமென விதிக்கப்பட்டது. விதி முன்கூட்டியே வந்து படிப்படியாக இறுகியமையால், ஆலைகள் கழிவுக் குளங்களை அமைக்க அவகாசம் கிடைத்தது. தொழிலும் அழியவில்லை, வளர்ந்தது.

புக்கிட் மேரா

ஈப்போவுக்கு அருகிலுள்ள புக்கிட் மேராவில் நிகழ்ந்தது வேறு. ஜப்பானிய மிட்சுபிஷி குழுமத்தின் பங்கு முதலீட்டைக் கொண்ட ‘ஏசியன் ரேர் எர்த்’ நிறுவனம், ஈயச் சுரங்க மணலிலிருந்து கிடைக்கும் மோனசைட்டைப் பதப்படுத்தும் ஆலையை 1982இல் இயக்கத் தொடங்கியது. அதன் கழிவில் கதிர்வீச்சுடைய தோரியம் இருந்தது. திட்டங்களுக்கு முன்கூட்டியே சுற்றுச்சூழல் மதிப்பீடு செய்யவேண்டுமென்ற கட்டளை அப்பொழுது இல்லை. அணுசக்தி உரிமச் சட்டமோ 1984இல்தான் வந்தது.

குடியிருப்பாளர் வழக்குத் தொடுத்தனர். 1985இல் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 1987இல் உரிமம் பெற்று ஆலை மீண்டும் இயங்கியது. 1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் அதனை மூடுமாறு தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் மேல்முறையீட்டில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை இரத்துச் செய்தது. எனினும், 1994இல் நிறுவனம் தானே ஆலையை மூடுவதாக அறிவித்தது. பின்னர்க் கழிவை அகற்றிப் பாதுகாப்பாகப் புதைக்கப் பெரும்பொருள் செலவாயிற்று. முதலீட்டாளர் பணத்தை இழந்தனர். தொழிலாளர் வேலையை இழந்தனர். மக்கள் மனநிம்மதியை இழந்தனர்.

படிப்பினை

ஆகவே, விதி மாறுவதால் மட்டும் தொழில் கெடுவதில்லை. முன்னறிவிப்புடன் வரும் விதிக்கு இணங்க இயலும். ஆலை எழுந்தபின் வரும் விதியே அனைவருக்கும் இழப்பாகிறது. இதனை உணர்ந்தே, குறிப்பிட்ட வகைத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் மதிப்பீட்டைக் கட்டாயமாக்கும் கட்டளை 1987இல் பிறப்பிக்கப்பட்டு, 1988 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2015ஆம் ஆண்டுக் கட்டளை அதன் இடத்தைப் பெற்றது. இதன் இரண்டாம் அட்டவணைத் திட்டங்களின் மதிப்பீட்டறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன.

தோட்டத்து நண்பர்களே, அருகில் புதிய ஆலை வருமாயின், மதிப்பீட்டறிக்கை உண்டா, எங்கே பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது என்று விசாரியுங்கள். ஐயங்களை உரிய காலத்திற்குள் எழுத்து மூலம் தெரிவியுங்கள். வேலை வேண்டுமா, தூய நீர் வேண்டுமா என்பதன்று கேள்வி. முறையான அனுமதியுடன் தொடங்கும் தொழிலில் இரண்டையும் பெறலாம்.

சிந்திக்க:
1. செம்பனை ஆலைகளுக்கு அவகாசம் கிடைத்தது எவ்வாறு?
2. புக்கிட் மேரா ஆலை தொடங்கியபோது எவ்விதிகள் இல்லை?